ஏரிக்கரையில் காயும் கரி

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை, பொறுக்கினேன். போன கார்த்திகையில் ஒரு காலை, பம்பாயில் மாட்டுங்கா ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற மாமி, தனக்கு முன்னால் நின்ற மாமியிடம் சொன்னாள்:

“அன்னிக்குக் கரியை அலம்பினேனோ, ஏரியைப் பார்த்தேனோ! பகவான் எந்த வழியாக் குடுப்பான்னு யார் கண்டா, பாகீரதி?”

பாகீரதி பதில் சொல்வதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. கடைக்காரன் மராட்டியில் அதட்ட, மாமிகள் இருவரும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்குக் கிடைத்தவை கல் கலந்த அரிசியும் இந்த ஒரு வாக்கியமும்தான். அரிசியைப் பொறுக்கியதில் கைப்பிடிக் கல் வந்தது. வாக்கியத்தில் ஒன்றுகூட இல்லை.

கரியை அலம்பினால் ஏரி எப்படித் தெரியும்? ஒரு வாரம் யோசித்தேன். யோசித்ததைக் கீழே எழுதுகிறேன். அந்த மாமி இதைப் படிக்க நேர்ந்து, “இப்படி இல்லையே” என்று சொன்னால், அவள் சொல்வதுதான் சரி.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அந்த ஏரியை நான் பார்த்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பார்க்காத இமயமலையைப் பற்றிப் பத்து அத்தியாயம் எழுதியவர்கள் நம் பத்திரிகைகளில் சால்வை போர்த்திக்கொண்டு திரிகிறார்கள்.

2

முதல் ஆரம்பம்:

‘ஸஹ்யாத்ரியின் மடியில், நீலப் பட்டு விரித்தாற்போல், கண்கொள்ளாக் காட்சியாக—’

(நிறுத்திவிட்டேன். பட்டை விரித்தவன் யார்? மழைக்காலத்தில் விரித்தானென்றால் சாயம் போயிருக்குமே?)

இரண்டாவது ஆரம்பம்:

‘1943. உலகமே யுத்தத் தீயில் வெந்துகொண்டிருக்க, பம்பாய் நகரில் பெட்ரோலுக்கும் பஞ்சம் வந்தபோது—’

(உலகத்தைக் கவனிக்க மந்திரிகள் இருக்கிறார்கள். நமக்கு ருக்குவைக் கவனித்தால் போதும்.)

மூன்றாவது ஆரம்பத்தை அடிக்கவில்லை:

ருக்குவுக்கு அந்த ஏரியின் கரையில் இறங்கி நிற்க வேண்டும்.

ருக்கு என்பது நான் வைத்த பெயர். மாட்டுங்காவில் ஒரு மாடி வீட்டின் பின்கட்டில் குடியிருக்கும் பாலக்காட்டுக்காரி. வயது நாற்பதுக்கு மேல். கணவர் அனந்தநாராயணனுக்குக் கோட்டையில் குமாஸ்தா உத்தியோகம். அவர் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: “லோணாவ்ளா பக்கத்துல மலை மேல பெரிய ஏரி இருக்காக்கும். அந்த ஜலம் கீழ விழறதனாலதான் நம்மாத்து பல்பு எரியறது. கேட்டியா?”

அவர் மோர் ஊற்றிக்கொண்டு அதை மறந்துவிட்டார். அவளால் மறக்க முடியவில்லை. யுத்தத்துக்காகக் கறுப்புக் காகிதம் சுற்றியிருந்த அந்தப் பல்பைச் சாயங்காலம் போடும்போதெல்லாம், எங்கேயோ மலைமேல் இருக்கும் தண்ணீர் தன் அடுக்களைக்குள் வந்து நிற்பதாக அவளுக்குத் தோன்றும். நம் வீட்டுக்குத் தினம் வந்து போகிறவர்களை நாமும் ஒருதரம் போய்ப் பார்க்க வேண்டாமா?

3

மேலே உள்ள கடைசி வரியை இரண்டாம் பிரதியில்தான் எழுதினேன். முதல் பிரதியில் ருக்குவுக்கு க்ஷயரோகம் இருந்தது.

கதையில் ஒரு ஸ்திரீ ஏரி பார்க்க ஆசைப்பட்டால், பத்திரிகாசிரியர்கள் காரணம் கேட்பார்கள். அதனால் முதலில் க்ஷயம் கொடுத்தேன். இருமிக்கொண்டே மலை ஏற முடியாது என்று தோன்றியதும் அதை எடுத்துவிட்டுக் கண்பார்வையை மங்க வைத்தேன். அதுவும் போதாதென்று, குழந்தைப் பருவத்தில் குளத்தில் மூழ்கிப்போன ஒரு தங்கையைக் கொண்டுவந்தேன். மூன்று பக்கத்தில் மூன்று விபத்து.

பிரதியைப் படித்த என் மனைவி ஷ்யாமளா கேட்டாள்: “ஏன்னா, நீங்க போன மாசம் எலிபெண்டா குகையைப் பார்க்கப் போனேளே, அப்போ உங்களுக்கு என்ன வியாதி?”

“ஒண்ணுமில்லையே.”

“ஆசையா இருந்தது, போனேள். இவ மாத்திரம் ஏரியைப் பார்க்கறதுக்கு டாக்டர் சீட்டு கொண்டுவரணுமாக்கும்?”

தங்கையைக் குளத்திலிருந்து தூக்கிக் கரை சேர்த்தேன். கண்ணைத் திருப்பிக் கொடுத்தேன். க்ஷயத்தையும் குணப்படுத்திவிட்டேன். எந்த வைத்தியரும் ஒரே மத்தியானத்தில் இவ்வளவு செய்ததில்லை. ருக்கு திடகாத்திரமாக இருக்கிறாள். ஆசைப்படுகிறாள், அவ்வளவுதான்.

4

ஏரிக்குப் போகக் கார் வேண்டும். அது ராவ்சாகிப் வெங்கடராமனிடம் இருந்தது.

வெங்கடராமன் என்பது தகப்பனார் வைத்த பெயர். ராவ்சாகிப் என்பது சர்க்கார் கொடுத்த பட்டம். முன்னதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவருக்குக் காது கேட்காது. அவர்தான் எங்கள் மாட்டுங்கா ஸபாவின் தலைவர், அனந்தநாராயணன் காரியதரிசி. அதாவது தலைவர் பேசுவார், காரியதரிசி நாற்காலி போடுவார்.

பெட்ரோல் கிடைக்காமல் ராவ்சாகிபின் கார் வெகுநாளாகக் கொட்டகையில் கிடந்தது. பெட்ரோலுக்குப் பதில் அடுப்புக்கரியில் வண்டி ஓட்டும் வித்தை ஊருக்குள் வந்தபோது, தாராவியில் பட்டறை வைத்திருந்த நாகூர் கனியிடம் அதைக் கொடுத்தார். திருநெல்வேலிச் சீமைக்காரனான கனி, காரின் முதுகில் வெந்நீர்த் தவலை மாதிரி ஓர் இரும்பு உருளையைப் பொருத்தினான். உருளைக்குள் கரி கனன்று புகையும். அந்தப் புகைதான் குழாய் வழியாக இஞ்சினுக்குப் போய் வண்டியை இழுக்கும். இவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. கனிக்கும் இதைவிட அதிகம் புரிந்திருந்ததாக நான் நினைக்கவில்லை.

“பம்பாயில எங் கை படாத கரிவண்டி கெடையாது மொதலாளி” என்றான். இது அவன் கை பட்ட மூன்றாவது வண்டி. முதலாவது எரிந்துபோயிற்று.

ராவ்சாகிபுக்கு ஒரு யோசனை உதித்தது. ஊரெல்லாம் டிராமுக்கும் பஸ்ஸுக்கும் காத்துக் கிடக்கிற காலத்தில், மோட்டாரில் மலையேறி, ஏரிக்கரைச் சாலை வழியாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அதைப் பற்றி ஸபாவில் ஒரு பிரசங்கம் செய்வது. பிரசங்கத்துக்குத் தேதியும் குறித்தாகிவிட்டது. இனி ஏரியைப் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி.

“ஓய் செக்ரட்டரி, நீரும் வாரும். குறிப்பெடுக்க ஆள் வேணும்.”

“உத்தரவு.”

“வழியில காப்பிக்கு என்ன பண்றது?”

“பிளாஸ்க்கில எடுத்துண்டு—”

“பிளாஸ்க்கில வெச்சது காப்பியில்லே ஓய், காப்பியோட திவசம்! உம்ம ஆத்துக்காரி காப்பியைப் பத்தி மாட்டுங்கா பூரா சொல்றா. அடுப்பு, பில்டர், எல்லாத்தோடயும் அவளையும் அழைச்சுண்டு வாரும்.”

இப்படித்தான் ருக்குவுக்குக் காரில் இடம் கிடைத்தது. ஏரி பார்க்க ஆசைப்பட்டவள் என்பதற்காக இல்லை, நல்ல டிகாக்‌ஷன் இறக்குகிறவள் என்பதற்காக. ஆனால் அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலம் பில்டரைப் புளி போட்டுத் தேய்த்து, வெயில் பட்ட ஜன்னலில் வைத்து, அதற்கு ஒரு கும்பிடு போட்டாள்.

5

இனி அலம்பல்.

பிரயாணத்துக்கு இரண்டு மூட்டைக் கரி தேவை என்றான் கனி. ஒன்றை உருளைக்குள்ளும் பின்பெட்டியிலும் அடைத்துவிட்டான். இன்னொன்றுக்கு உள்ளேதான் இடம், அதுவும் பின்ஸீட்டில், ருக்குவுக்குப் பக்கத்தில். அதாவது தயிர்சாதம், பால் பாத்திரம், காப்பிப்பொடி இவற்றுக்கெல்லாம் பக்கத்தில். முதல்நாள் மத்தியானம் மூட்டையைக் கொண்டுவந்து ருக்கு வீட்டு வாசலில் இறக்கினார்கள்.

ராவ்சாகிபிடமிருந்து ஆள் வந்தது: கரி எந்தக் கிடங்கிலிருந்து வந்ததோ, எவன் கை பட்டதோ. சாதத்துக்குப் பக்கத்தில் வைக்கிறதானால் அலம்பி வைக்க வேண்டும்.

(பிற ஊர் வாசகர்கள் சிரிக்க வேண்டாம். ஆசாரம் பார்க்கிற எங்கள் வீடுகளில் கடைக்கரியை அலம்பாமல் அடுப்பில் போடமாட்டார்கள். அலம்பி, மொட்டைமாடியில் நன்றாகக் காயவைத்து, தகரத்தில் கொட்டி மூடிவைப்பார்கள். ‘கரிக்கே தீட்டு என்றால் வைரத்தை என்ன செய்வீர்கள்?’ என்று ஷ்யாமளாவிடம் ஒருதரம் கேட்டேன். ‘வாங்கிக் குடுங்கோ, அப்பறம் சொல்றேன்’ என்றாள்.)

“ஏன்னா, வானம் மூடிண்டிருக்கு. இன்னிக்கு அலம்பினா நாளைக் கார்த்தாலைக்குள்ள காயாதே. ஈரக்கரி பிடிக்குமோ?” என்று கேட்டாள் ருக்கு.

அனந்தநாராயணன் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. “அது அடுப்புக்கரி. இது வண்டிக்கரி. மெஷினுக்கு ஈரமும் காய்ச்சலும் என்ன தெரியும்? ராவ்சாகிப் சொன்னா சொன்னதுதான்.”

ருக்கு குழாயடியில் உட்கார்ந்து மூட்டைக் கரி முழுவதையும் அலம்பினாள். கை கறுத்து, புடவை கறுத்து, தண்ணீர் கறுத்தது. கரி மட்டும் அப்படியே இருந்தது.

காப்பிக்கென்று ஒரு சின்னத் தகரத்தில், போன வாரமே அலம்பிக் காய்ந்த கரியைத் தனியாக எடுத்துவைத்தாள். இந்தத் தகரத்தை வாசகர் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். கதை அதற்குள்தான் இருக்கிறது.

6

சயான், தாணா, பன்வேல். வழியை நான் விவரிக்கப்போவதில்லை. ருக்குவாலும் முடியாது. அவளுக்கு இடப்பக்கம் ஜன்னலை மறைத்துக்கொண்டு ஈர மூட்டை உட்கார்ந்திருந்தது. வலப்பக்கம் புருஷன். முன்னால் ராவ்சாகிபின் தலைப்பாகை. மலைகள் வந்துகொண்டிருக்கின்றன என்பதை அவள் தன் வயிற்றைக் கொண்டு தெரிந்துகொண்டாள்.

“ஏரி எந்தப் பக்கம் வரும்?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“இடது பக்கம்க்கா” என்றான் வண்டியை ஓட்டிய கனி, கண்ணாடியில் பார்த்து.

இடது பக்கம் மூட்டை.

“அங்கே கொஞ்சம் நிறுத்துவேளா?”

ராவ்சாகிப் திரும்பாமலே சொன்னார்: “நிறுத்தறதா? லோணாவ்ளாவில சிநேகிதர் பங்களாவில காப்பி ஆனதும் திரும்பறோம். இருட்டறதுக்குள்ள சயான் தாண்டணும். ஏரிகிட்டே ஸ்லோவா ஓட்டச் சொல்றேன், போரும். எழுதிக்கும் ஓய்: ‘ஸ்படிகம் போன்ற நீர். அதில் நாரைக் கூட்டம்.’”

“நாரை இருக்குமா?” என்று கேட்டார் அனந்தநாராயணன்.

“ஏரின்னா நாரை இருக்கும். எழுதும்.”

(இந்த இடத்தில் ராவ்சாகிபின்மேல் எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. நானும் ஏரியைப் பார்க்காமல்தானே எழுதிக்கொண்டிருக்கிறேன்? ஒரு வித்தியாசம், என் ஏரியில் நாரை கிடையாது.)

மலையடிவாரத்துக் கொப்போலியில் வண்டியை நிறுத்தி, பின்பெட்டியிலிருந்த காய்ந்த கரியையெல்லாம் கனி உருளைக்குள் கொட்டினான். காட்ரோடு என்கிற மலைச்சாலையில் வண்டி பிள்ளைத்தாய்ச்சி மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறியது. ஒரு வளைவில் எல்லோரும் இறங்கித் தள்ளவேண்டி வந்தது. ராவ்சாகிப் மட்டும் இறங்காமல், தள்ளுகிறவர்களுக்கு உற்சாகமளித்தார்.

7

லோணாவ்ளாவைச் சுற்றிக்கொண்டு ஏரிக்கரைச் சாலையில் திரும்பியதும் வண்டி இழுக்கச் சிரமப்பட்டது.

“கரி தீந்துட்டுது மொதலாளி. அந்த மூட்டையக் கொட்டணும்.”

“இஞ்சினை நிறுத்தாதே. சட்டுனு கொட்டு.”

கனி பின்கதவைத் திறந்து ருக்குவின் பக்கத்திலிருந்த மூட்டையை இழுத்தான். மூட்டை போனது. ஜன்னல் வந்தது.

[இங்கே ஏரி வர்ணனை. நாலு வரி.]

இந்த அடைப்புக்குறியை ஒரு வாரமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நிரப்ப எனக்கு உரிமையில்லை. ருக்கு என்ன சொன்னாள் என்பதை மட்டும் எழுதுகிறேன்:

“இத்தனை ஜலம். ஒரு குடம்கூட வரிசையில இல்லையே!”

மாட்டுங்காவில் விடியுமுன் எழுந்து, குழாயில் காற்று சீறும் சத்தம் கேட்டதும் தவலையைத் தூக்கிக்கொண்டு ஓடி, அடுத்தவள் குடத்தை நகர்த்தி, தன்னுடையதை வைத்து, அதற்காக ஏச்சு வாங்கி, பதில் கொடுத்து, ஒவ்வொரு நாளும் தண்ணீரை ஜெயித்துக் கொண்டுவருகிற ஒருத்திதான் அதைச் சொன்னாள். கேட்பார் யாருமில்லாமல், யாருக்கும் முந்திக்கொள்ளாமல், தண்ணீர் சும்மா இருந்தது. மலைக்கு மலை நிறைந்து, சும்மா இருந்தது.

அவள் ஜன்னலிலிருந்து கையை வெளியே நீட்டினாள். கனி பின்னால் மூட்டையைக் கவிழ்த்துவிட்டு வந்து ஏறினான். வண்டி நகர்ந்தது. சாலை ஓரமாக, ஏரியோடு கூடவே. ருக்கு அவசர அவசரமாகப் பார்த்தாள். ஓடுகிற பஸ்ஸிலிருந்து உறவுக்காரர்களைப் பார்க்கிற மாதிரி.

அப்புறம் உருளை உஸ்ஸென்று சத்தம் போட்டது. வெள்ளையாக ஆவி வந்தது. வண்டி ஒருதரம் குலுங்கி, இரண்டுதரம் விக்கி, ஏரிக்கு நேரே நின்றுவிட்டது.

8

“எவம்வே கரியில தண்ணி ஊத்துனது?” உருளையின் மூடியைத் திறந்து பார்த்த கனி கத்தினான். “மொதலாளி, கரி நனஞ்சில்லா கெடக்கு!”

“நனையலே. அலம்பியிருக்கு” என்றார் ராவ்சாகிப் கம்பீரமாக.

“அலம்புனீயளா? கரிய அலம்புனா வெள்ளையாவா ஆவும்?”

“ஆசாரம்ப்பா. உனக்குப் புரியாது.”

“எனக்குப் புரியாண்டாம் மொதலாளி. இஞ்சினுக்குப் புரிஞ்சிட்டுது.”

ராவ்சாகிப் காரியதரிசியைப் பார்த்தார். காரியதரிசி, வேறு யாரையாவது பார்க்கலாமா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். ருக்கு அங்கே இல்லை. கதவைத் திறந்துகொண்டு இறங்கி, கரையில் போய் நின்றிருந்தாள்.

நியாயமாகக் கதை இங்கே முடியலாம். அவள் ஆசைப்பட்டது இறங்கி நிற்க, நின்றாயிற்று. ஆனால் கனி கெட்டிக்காரன். பின்ஸீட்டைத் துழாவியவன் சின்னத் தகரத்தைக் கண்டுபிடித்துவிட்டான்.

“காஞ்ச கரி! மொதலாளி, இது போதும். இதைப் போட்டு மூட்டி லோணாவ்ளா பஜார் வரைக்கும் உருட்டிருவேன். அங்கன நல்ல கரி வாங்கிக்கிடலாம். பத்து நிமிசத்துல கெளம்பிரலாம்.”

“சபாஷ்!” என்றார் ராவ்சாகிப். “கிளப்பு.”

தகரத்தைக் கீழே வைத்துவிட்டு, அவர்கள் மூன்று பேரும் உருளையைச் சுற்றி நின்று, ஈரக்கரியை முதலில் தோண்டி எடுக்க வேண்டுமா வேண்டாமா என்று வாதம் செய்ய ஆரம்பித்தார்கள். உலகத்தில் எந்த இயந்திரம் நின்றாலும் ஆண்கள் முதலில் செய்கிற காரியம் அதுதான்.

ருக்கு கரையிலிருந்து திரும்பி வந்தாள். தகரத்தைப் பார்த்தாள். ஏரியைப் பார்த்தாள். பத்து நிமிஷம்.

(இந்த இடத்தில் ஷ்யாமளா பேனாவைப் பிடுங்கி, ஓரத்தில் ‘சீக்கிரம்!’ என்று எழுதியிருக்கிறாள்.)

ருக்கு தகரத்தை எடுத்தாள். காரின் மறைவில் கும்முட்டி அடுப்பை வைத்தாள். கரியை எல்லாம், ஒரு துண்டு மிச்சமில்லாமல், அதில் கொட்டினாள். நாலு பேர் காப்பிக்கு இவ்வளவு கரி வேண்டாம் என்பது அவளுக்குத் தெரியாதா? கற்பூரம் வைத்தாள், விசிறினாள். கரி பிடித்துக்கொண்டது. போன வாரம் அவள் கையால் அலம்பிக் காய்ந்த கரி, அவள் சொன்னபடி கேட்டது.

கனிக்குப் புகை வாசனை வந்து ஓடிவந்தான்.

“அக்கா! அடப் பாவி அக்கா! என்ன செஞ்சிட்டிய?”

ருக்கு அவனிடம் காலிக் கூஜாவை நீட்டினாள். “ஜலம் எடுத்துண்டு வாப்பா. உனக்கும் சேர்த்து.”

அவன் அவளைப் பார்த்தான், அடுப்பைப் பார்த்தான், அவளுக்குப் பின்னால் விரிந்து கிடந்த ஏரியைப் பார்த்தான். அப்புறம் சிரித்துவிட்டான். “பலே ஆளுக்கா நீங்க” என்று சொல்லிக் கூஜாவை வாங்கிக்கொண்டு சரிவில் இறங்கினான்.

ராவ்சாகிப் இடிபோல வந்தார். “யாரைக் கேட்டு அடுப்பு மூட்டினே? இருட்டறதுக்குள்ள—”

அதற்குள் பில்டரில் வெந்நீர் விழுந்தது. பொடி வாசனை மலைக்காற்றில் ஏறியது. ராவ்சாகிப் வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் முடிக்கப்போவதில்லை. அவர் பேசத் தொடங்கி முடிக்காமல் விட்டது வாழ்நாளிலேயே அந்த ஒரு வாக்கியம்தான். அது அப்படியே இருக்கட்டும்.

இரண்டாவது மடக்குக்கு அப்புறம்தான் அவருக்கு நினைவு வந்தது. “ஆமாம், ஜலம் எங்கேர்ந்து?”

“ஏரிதான்” என்றாள் ருக்கு.

“கொண்டு வந்தது யாரு?”

“இன்னும் ஒரு டம்ளர் இருக்கு. வேணுமா?”

ராவ்சாகிப் யோசித்தார். டம்ளரை நீட்டினார்.

9

மிச்சமிருப்பது ஈரக்கரிதான். அதைக் காயவைக்க வேண்டும். தரையெல்லாம் மழைச்சேறு. விரிக்கத் துணி இல்லை. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ராவ்சாகிப் மூன்றாவது டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தோளிலிருந்த ஜரிகை அங்கவஸ்திரத்தை எடுத்து, தாமே கரையில் விரித்தார்.

(முதல் பிரதியில் கனி அதைப் பிடுங்கி விரிப்பதாகவும், ராவ்சாகிப் குதிப்பதாகவும் எழுதியிருந்தேன். நல்ல ஹாஸ்யம். அடித்துவிட்டேன். நல்ல காப்பி குடித்த மனுஷனை அவமானப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.)

கரித்துண்டுகள் ஜரிகைமேல் பரவின. வெயில் மேகத்தை விட்டு வெளியே வந்தது. இதை நான் சேர்த்தேன். இத்தனை பக்கம் எழுதியவனுக்கு ஒரு கை வெயில் போட அதிகாரம் இல்லையா?

ராவ்சாகிப் கரையில் உட்கார்ந்தார். அன்று முதல்தடவையாக ஏரியைப் பார்த்தார்.

“ஓய் அனந்து.”

“எழுதிக்கறேன், சொல்லுங்கோ.”

“எழுத வேண்டாம். இது என்ன ஓய், இவ்வளவு பெரிசா இருக்கு?”

10

முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

ஒன்று: பட்டாள லாரி ஒன்று வருகிறது. கயிறு கட்டி இழுத்துப் போகிறார்கள். ராவ்சாகிப் ஸபாவில் அதை ‘ராணுவ மரியாதை’ என்று சொல்கிறார்.

இரண்டு: கரி காய்கிறது, வண்டி கிளம்புகிறது, இருட்டுவதற்குள் சயான்—

மூன்று: அனந்தநாராயணன் மனைவியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “நீ நேத்திக்கே சொன்னே, ஈரக்கரி பிடிக்காதுன்னு” என்கிறார். அவள் “நல்லவேளை, நீங்க கேக்கலை” என்கிறாள்.

மூன்றாவது பிடித்திருக்கிறது. ஆனால் அது முடிவல்ல, பேச்சு. எப்படியும் அவள் வீடு திரும்பிவிட்டாள் என்பது நமக்குத் தெரியும். ரேஷன் வரிசையில் எனக்கு முன்னால் நின்றாளே. அந்த வரிசை அவ்வளவு நீளமாக இருந்ததற்காகச் சர்க்காருக்கு என் நன்றி. கனியின் வித்தைக்கும், ராவ்சாகிபின் ஆசாரத்துக்கும், அதைவிட அவருடைய காப்பிப் பைத்தியத்துக்கும் நன்றி. இவர்களில் ஒருவருக்காவது புத்தி இருந்திருந்தால் கதை கெட்டுப்போயிருக்கும்.

ஆனால் அவளை நான் கீழே இறக்கப்போவதில்லை. ருக்கு இப்போது புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நிற்கிறாள். நேற்றைய கரி நகக்கண்ணில் இன்னும் கறுப்பாக இருக்கிறது. அள்ளி அள்ளிக் கை கழுவுகிறாள். பின்னால் குடத்தோடு யாரும் நிற்கவில்லை.

அங்கவஸ்திரத்தின் மேல் கரி காய்கிறது. எனக்கு அவசரமில்லை. வண்டி கிளம்பியாக வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், கும்முட்டிப் பக்கத்தில் விசிறி கிடக்கிறது. நீங்களே வந்து விசிறிக்கொள்ளுங்கள். கொஞ்சம் மெதுவாக.